முறையும் நீதியும்: பல்செயலிக் கணினிகளில் பணிமுறை ஒதுக்கீட்டின் வரலாறும் சென்னை – செங்கற்பட்டுப் பகுதியின் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கணினியில் பல செயலிகள் இருக்கும்போது எந்தப் பணி, எந்தச் செயலியில், எப்பொழுது, எவ்வளவு நேரம் இயங்க வேண்டும் என்பதை அதன் இயக்க அமைப்பு முடிவு செய்கிறது. இம்முடிவு முறையின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. செயலிகளின் எண்ணிக்கை பெருகியும் காத்திருப்பு ஒழியவில்லை. யார் காத்திருப்பது என்னும் கேள்வியே ஒவ்வொரு காலத்திலும் புதுவடிவம் கொண்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. கிண்டி, தரமணி, சிங்கப்பெருமாள் கோயில், கல்பாக்கம் ஆகிய இடங்களை உள்ளடக்கிய பகுதி இவ்வரலாற்றோடு கொண்ட தொடர்பையும் அது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இயக்க அமைப்பு, பல்செயலி, பணிமுறை ஒதுக்கீடு, கெடு, நேர்மைப் பங்கீடு, லினக்ஸ், கல்பாக்கம்

1. முன்னுரை

செங்கற்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள் கோயில், பல்லவர் காலக் குடைவரையில் எழுந்தருளியுள்ள நரசிம்மரால் பெயர்பெற்ற ஊர். 2002-ஆம் ஆண்டு முதல் அதன் அருகே வளர்ந்துவரும் மகேந்திரா உலக நகரம் மென்பொருள் நிறுவனங்களையும் தொழிற்சாலைகளையும் ஒரே வளாகத்திற்குள் கொண்டுவந்தது. இவ்வூரை நடுவாகக் கொண்டு நோக்கினால் வடக்கே கிண்டியில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் உள்ளன. தென்கிழக்கே மாமல்லபுரக் கடற்கரையின் தொடர்ச்சியில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் உள்ளது. இவை யாவும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் எல்லைக்குள் அடங்குவன.

இப்பகுதியைப் பற்றிய பொதுவான எண்ணம், பிறர் வகுத்த கணினி நுட்பத்தைப் பயன்படுத்தி உழைப்பை விற்கும் இடம் என்பதாகும். மென்பொருள் வளாகங்களின் எண்ணிக்கையும் வேலைவாய்ப்புக் கணக்கும் இவ்வெண்ணத்திற்கு வலுச்சேர்க்கின்றன. எனினும் இயக்க அமைப்பின் உட்பகுதியாகிய பணிமுறை ஒதுக்கீட்டை எடுத்துக்கொண்டால் நிலை வேறாகத் தோன்றுகிறது. அத்துறையின் அடிப்படைக் கேள்விகள் சிலவற்றிற்குச் சென்னையில் பயின்றோரும் சென்னையிலேயே ஆராய்ந்தோரும் விடை தேடியுள்ளனர். அவர்கள் தேடியது பெரும்பாலும் வேகத்தை அன்று. குறித்த நேரத்தில் வேலை முடியும் என்னும் உறுதியையே அவர்கள் தேடினர். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையப் பொருளாகும்.

2. சொல்லும் பொருளும்

வகுப்பறைகளில் 'ஷெட்யூலிங்' என்றே வழங்கும் சொல்லுக்குத் தமிழில் திட்டமிடல், அட்டவணையிடல், காலவரையிடல் எனப் பல பெயர்ப்புகள் வழக்கில் உள்ளன. திட்டமிடல் என்பது பொதுச்சொல். அட்டவணையிடல் முன்கூட்டியே எழுதிவைக்கும் பட்டியலை நினைவூட்டுகிறது. இயக்க அமைப்போ ஒரு நொடிக்குள் பலமுறை, முன்னறியாத பணிகளுக்கு இடையே தேர்வு செய்கிறது. எனவே இக்கட்டுரை 'பணிமுறை ஒதுக்கீடு' என்னும் தொடரை ஆள்கிறது. அதைச் செய்யும் மென்பொருட் பகுதி 'முறை ஒதுக்கி' எனப்படும். இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் இங்கே 'பணி' என்று குறிக்கப்படும்.

'முறை' என்னும் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தமிழில் இச்சொல் ஒருவருக்கு உரிய தடவையையும் குறிக்கும், நீதியையும் குறிக்கும். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் அது நீதி என்னும் பொருளில் வருகிறது. ஏரிப் பாசனத்தில் நீர் குறைந்த காலத்தில் மடைதோறும் மாற்றிமாற்றி நீர்விடுவதை முறைப்பாசனம் என்பர். மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டி என்னும் ஊர்ப்பணியாளரின் பொறுப்பு. ஏரிகள் நிறைந்த செங்கற்பட்டுப் பகுதிக்கு இவ்வேற்பாடு புதியதன்று. தடவை, நீதி ஆகிய இரு பொருள்களும் ஒரே சொல்லில் இணைந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பணிமுறை ஒதுக்கீட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ள அது பொருத்தமான திறவுகோலாக அமைகிறது.

3. ஒரு செயலியிலிருந்து பல செயலிகளுக்கு

தொடக்ககாலக் கணினிகளில் முறை ஒதுக்கி மனிதரே. துளையிட்ட அட்டைக் கட்டுகளைப் பயனர் கொண்டுவந்து கொடுப்பார். இயக்குநர் அவற்றை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகக் கணினிக்குள் செலுத்துவார். விடை பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ கிடைக்கும். விலையுயர்ந்த பொறி ஒரு கணமும் சும்மா இருக்கலாகாது என்பதே அக்கால நெறி. ஆகவே காத்திருக்கும் சுமை மனிதர்மீது விழுந்தது.

1961-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழு நேரப்பங்கீட்டு முறையைச் செய்துகாட்டியது. செயலியின் நேரத்தைச் சிறுசிறு துண்டுகளாக்கிப் பல பயனர்க்கும் மாற்றிமாற்றி வழங்குவதே அதன் உத்தி. 1962-இல் அக்குழு விளக்கிய பல்மட்ட வரிசை முறையில் குறுகிய பணிகள் விரைவில் இடம்பெறும். நீண்ட பணிகள் தாழ்ந்த வரிசைக்குச் செல்லும், ஆனால் ஒருமுறை இடம்பெற்றால் கூடுதல் நேரம் பெறும். மனிதர் செய்த முடிவு இவ்வாறு நிரலுக்குள் புகுந்தது.

அதே 1962-இல் பரோஸ் நிறுவனம் படைத்துறைத் தேவைக்காக உருவாக்கிய டி825 கணினி நான்கு செயலிகள் வரை ஒரே நினைவகத்தைப் பகிரும் வகையில் அமைந்தது. ஒரு செயலி பழுதுபட்டாலும் வேலை நிற்கலாகாது என்பதே அவ்வடிவமைப்பின் முதன்மை நோக்கம். பல்செயலியின் பிறப்பில் வேகத்தோடு நம்பகமும் உடனிருந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பின்வந்த வரலாற்றில் இவ்விரு நோக்கங்களும் பலமுறை பிரிந்து சென்றன.

4. எண்ணிக்கை கூடினால் காத்திருப்பு குறையுமா?

செயலிகளை இரட்டித்தால் நேரம் பாதியாகும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. 1966-இல் பெல் ஆய்வகத்தின் ரொனால்டு கிரகாம் இவ்வெதிர்பார்ப்பைத் தகர்த்தார். அவர் பின்னர் விளக்கிய புகழ்பெற்ற எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஒன்பது பணிகள் ஒரு பட்டியலில் உள்ளன. அவற்றிற்கு வேண்டிய நேரம் முறையே 3, 2, 2, 2, 4, 4, 4, 4, 9 அலகுகள். முதற்பணி முடிந்த பின்னரே ஒன்பதாம் பணி தொடங்க இயலும். நான்காம் பணி முடிந்த பின்னரே ஐந்து முதல் எட்டு வரையுள்ள பணிகள் தொடங்க இயலும். ஒரு செயலி ஓய்ந்தவுடன் பட்டியலில் முதலில் நிற்கும் ஆயத்தமான பணியை எடுத்துக்கொள்ளும் என்பது விதி. மூன்று செயலிகளில் இவையனைத்தும் 12 அலகு நேரத்தில் முடிகின்றன. நான்காவதாக ஒரு செயலியைச் சேர்த்தால் 15 அலகு ஆகிறது. கூடுதல் செயலியால் நான்காம் பணி முன்னதாகவே முடிந்துவிடுகிறது. நடுத்தர அளவுள்ள நான்கு பணிகளும் உடனே எல்லாச் செயலிகளையும் பிடித்துக்கொள்கின்றன. மிக நீண்ட ஒன்பதாம் பணி ஆறாம் அலகு வரை காத்திருக்க நேர்கிறது. ஒவ்வொரு பணியின் நேரத்தையும் ஓர் அலகு குறைத்தாலும், மூன்று செயலிகளிலேயே, மொத்த நேரம் 12-இலிருந்து 13 ஆகக் கூடுகிறது.

இம்முரண்களோடு கிரகாம் ஓர் எல்லையையும் நிறுவினார். பட்டியல்வழி ஒதுக்கீடு எவ்வளவு தவறாகப் போனாலும் மிகச் சிறந்த ஒதுக்கீட்டைப்போல் இரு மடங்கை எட்டாது. இரண்டு செயலிகளில் அதன் உச்சம் ஒன்றரை மடங்கு. நான்கு செயலிகளில் ஒன்றே முக்கால் மடங்கு. 1967-இல் ஜீன் ஆம்தால் மற்றொரு வரம்பைச் சுட்டினார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க இயலாததாயின், எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும் பத்து மடங்குக்கு மேல் விரைவு கிட்டாது. ஆக 1960-களின் இறுதிக்குள்ளேயே, எண்ணிக்கை பெருக்கம் மட்டும் தீர்வாகாது என்பது கணித அளவில் தெளிவாகிவிட்டது.

கெடுவுக்குள் முடிய வேண்டிய பணிகளில் இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது. 1973-இல் சி. எல். லியூவும் ஜேம்ஸ் லேலண்டும் ஒரு செயலிக்கான கெடுமுறை ஒதுக்கீட்டின் கோட்பாட்டை வகுத்தனர். அதைப் பல செயலிகளுக்கு விரித்தபோது ஏற்படும் இடரை 1978-இல் சுதர்சன் தாலும் லியூவும் வெளிப்படுத்தினர். இரண்டு செயலிகள் உள்ளன எனக் கொள்வோம். 10 மில்லிநொடிக்கு ஒருமுறை 1 மில்லிநொடி மட்டும் தேவைப்படும் சிறுபணிகள் இரண்டு. 11 மில்லிநொடிக்கு ஒருமுறை 10.5 மில்லிநொடி தேவைப்படும் பெரும்பணி ஒன்று. கெடு நெருங்கியதற்கே முதலிடம் என்னும் விதிப்படி இரு சிறுபணிகளும் இரு செயலிகளையும் முதலில் பெறுகின்றன. பெரும்பணி ஒரு மில்லிநொடி தாமதித்துத் தொடங்கி 11.5-இல் முடிகிறது, கெடு தவறுகிறது. மொத்தத் திறனில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு வீணாகக் கிடக்கும்போதே இது நிகழ்கிறது. பெரும்பணிக்கு ஒரு செயலியைத் தனியே ஒதுக்கிச் சிறுபணிகள் இரண்டையும் மற்றதில் வைத்தால் சிக்கலே இல்லை. 'தால் விளைவு' என்று இன்று வழங்கும் இவ்வுண்மை லினக்ஸ் இயக்க அமைப்பின் கெடுமுறை ஒதுக்கீட்டு ஆவணத்திலும் இடம்பெற்றுள்ளது. எல்லார்க்கும் ஒரே பொதுவரிசை என்பது எப்போதும் நியாயமாகாது. சிலவேளை தனியிடமே நியாயம் என்பது இதன் உட்பொருள்.

5. பற்றாக்குறையின் பள்ளி

இந்தியாவில் இக்கேள்விகள் வேறொரு சூழலில் எழுந்தன. இங்கு முதற்சிக்கல் கணினியே கிடைப்பதரிது என்பதாகும். 1970-களின் முற்பகுதியில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. ஒரு பெரும்பொறியைப் பல துறையினரும் பகிர வேண்டிய நிலையில் வரிசை என்பது அன்றாட அனுபவமாக இருந்தது.

பல்செயலி என்பது அரசியற்பொருளும் ஆனது. 1980-களின் பிற்பகுதியில் வானிலை முன்கணிப்புக்காக இந்தியா இரு செயலிகள் கொண்ட கிரே எக்ஸ்-எம்பி/24 மீத்திறன் கணினியை நாடியது. அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் விளைவாகக் கிடைத்தது ஒரு செயலி மட்டும் கொண்ட எக்ஸ்-எம்பி/14. செயலிகளின் எண்ணிக்கையே நாடுகளுக்கு இடையிலான பேரப்பொருளாயிற்று. இதற்கு முன்னரே 1986-இல் பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் நான்கு செயலிகளைக் கொண்டு புளோசால்வர் என்னும் இணைநிலைக் கணினியை அமைத்திருந்தது. 1988-இல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம் 1991-இல் பரம் 8000-ஐ வெளியிட்டது. அதில் பயன்பட்ட டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளில் பணிமுறை ஒதுக்கீடு சில்லின் நுண்குறியீட்டிலேயே பதிந்திருந்தது. உயர்வு, தாழ்வு என இரண்டே முன்னுரிமை நிலைகள். ஒரு சில்லுக்குள் நிகழும் ஒதுக்கீட்டை வன்பொருள் ஏற்றது. பல சில்லுகளுக்கு இடையே வேலையைப் பிரிக்கும் பொறுப்பு நிரலாளரிடம் விடப்பட்டது.

6. உறுதியைத் தேடிய ஆய்வுகள்

சென்னையோடு தொடர்புடைய ஆய்வாளர் மூவகையில் இத்துறைக்குப் பங்களித்தனர்.

முதலாவது, கிருதி ராமாமிர்தத்தின் பணி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1976-இல் இளநிலைப் பட்டமும் 1978-இல் முதுநிலைப் பட்டமும் பெற்ற அவர், அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்டான்கோவிக்குடன் 'ஸ்பிரிங்' என்னும் இயக்க அமைப்பு உட்கருவை உருவாக்கினார். பணி வந்தவுடன் அதைக் கெடுவுக்குள் முடிக்க இயலுமா என்று கணித்து, இயலுமெனில் உறுதி அளிப்பதும், இயலாதெனில் உடனே மறுப்பதும் அதன் நெறி. ஒருமுறை ஏற்ற பணியைப் பின்னர் வரும் பணி குலைக்கலாகாது. இதற்காக ஸ்பிரிங் அமைப்பில் முறை ஒதுக்கி தனக்கென வேறொரு செயலியில் இயங்கியது. பயன்பாட்டுப் பணிகள் மற்றச் செயலிகளில் இயங்கின. பங்கிடுபவர் பங்கு கேட்போருடன் போட்டியிடலாகாது என்னும் கொள்கை இதில் வடிவம் பெற்றது. 1990-இல் அவரும் உடனாய்வாளரும் பல்செயலிக் கெடுமுறைப் பணிகளுக்கான ஒதுக்கீட்டு வழிமுறைகளை வெளியிட்டனர்.

இரண்டாவது, ரகுநாதன் ராஜ்குமாரின் பணி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1984-இல் பொறியியற் பட்டம் பெற்ற அவர், கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்னும் சிக்கலை ஆராய்ந்தார். தாழ்ந்த பணி ஒன்று பொதுவளத்தைப் பூட்டி வைத்திருக்கும்போது உயர்ந்த பணி அதற்காகக் காத்திருக்கிறது. இடையே வரும் நடுத்தரப் பணிகள் தாழ்ந்த பணியை முந்திக்கொள்ள, உயர்ந்த பணியின் காத்திருப்பு எல்லையின்றி நீள்கிறது. வளத்தை வைத்திருக்கும் பணிக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்குவதே தீர்வு. லூய் ஷா, ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகியோர் 1990-இல் வெளியிட்ட இக்கோட்பாடு 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் மீளத்தொடங்கும் கோளாற்றைச் சரிசெய்ய உதவியது. ஒரு செயலிக்குரிய இத்தீர்வை, நினைவகத்தைப் பகிரும் பல செயலிகளுக்கு ராஜ்குமார் 1990-இலேயே விரித்தார். வேறொரு செயலியில் உள்ள பணிக்காகக் காத்திருக்கும் நேரத்திற்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும் என்பதே அவ்விரிவின் சாரம்.

மூன்றாவது, சென்னையிலேயே நிகழ்ந்த ஆய்வு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சி. சிவராம் மூர்த்தியும் ஜி. மணிமாறனும் 1998-இல் பல்செயலிக் கெடுமுறை ஒதுக்கீடு குறித்து இரு முக்கியக் கட்டுரைகளை வெளியிட்டனர். முதற்கட்டுரை, ஒரே பணியைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கெடுவுக்குள் முடிக்கும் வாய்ப்பை ஆராய்ந்தது. இரண்டாம் கட்டுரை, ஒவ்வொரு பணிக்கும் ஒரு முதற்படியும் ஒரு மாற்றுப்படியும் வெவ்வேறு செயலிகளில் வைத்து, ஒரு செயலி பழுதுபட்டாலும் கெடு தவறாமல் காக்கும் வழியை வகுத்தது. இவ்வாய்வுகளின் தொடர்ச்சியாக 2001-இல் இருவரும் எழுதிய நூலை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பதிப்பகம் வெளியிட்டது.

இம்மூன்றையும் இணைக்கும் இழை தெளிவானது. 'எவ்வளவு விரைவாக முடியும்' என்று இவர்கள் கேட்கவில்லை. 'மிக மோசமான நிலையிலும் எவ்வளவு நேரத்திற்குள் முடியும்' என்று கேட்டனர். இவ்வினாவைப் பற்றாக்குறையின் நேரடி விளைவு என்று கூறச் சான்றில்லை. கெடுமுறை ஆய்வு அக்காலத்தில் உலகெங்கும் வளர்ந்துவந்த துறையே. ஆயினும் இப்பகுதியின் கல்வி நிறுவனங்களோடு தொடர்புடையோர் அத்துறையின் ஓரத்தில் நின்றவர் அல்லர் என்பது உறுதி.

7. கல்பாக்கம்: பங்கிடாத செயலிகள்

கெடுவின் பொருளைக் கடற்கரையில் கண்கூடாகக் காணலாம். கல்பாக்கத்தில் 1971-இல் தொடங்கப்பட்ட உலை ஆராய்ச்சி மையம் 1985-இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்குள்ள வேக ஈனுலைச் சோதனைப் பொறி 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினை நிலையை எட்டியது. அதே வளாகத்தை ஒட்டி 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி வேக ஈனுலை அமைக்கப்பட்டது.

இத்தகைய உலையில் எரிபொருள் தொகுதிகளின் வழியே திரவ சோடியம் பாய்ந்து வெப்பத்தை வெளிக்கொணர்கிறது. ஒரு தொகுதியில் பாய்வு தடைப்பட்டால் அதன் வெளியேற்ற வெப்பநிலை உயரும். வெப்ப இணைகள் அளக்கும் இவ்வெப்பநிலைகளைக் கணினிகள் இடைவிடாது படித்து, வரம்பு மீறினால் உலையை நிறுத்தும் ஆணையைப் பிறப்பிக்க வேண்டும். சராசரியாக விரைவாக இயங்குவது இங்குப் போதாது. ஒவ்வொரு சுற்றும் தவறாமல் குறித்த நேரத்தில் முடிய வேண்டும்.

எனவே இங்குப் பல செயலிகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதில்லை. ஒரே வேலையை மூன்று கணினிகள் தனித்தனியே செய்கின்றன. மூன்றில் இரண்டு உடன்பட்டால் முடிவு ஏற்கப்படுகிறது. பாதுகாப்புக்கு இன்றியமையாத மென்பொருளுக்கான பன்னாட்டு நெறிகள், எதிர்பாராத பணிமாற்றங்களையும் இடைமறிப்புகளையும் இயன்றவரை தவிர்க்குமாறு வலியுறுத்துகின்றன. நிலையான வரிசையில் சுழலும் எளிய நிரலே விரும்பப்படுகிறது; ஏனெனில் அதன் மிக மோசமான நேரத்தைக் கணக்கிட்டு மெய்ப்பிக்க இயலும். இயக்க அமைப்பு வரலாறு திறமை எனப் போற்றும் நெகிழ்வான ஒதுக்கீட்டை இங்கு வேண்டுமென்றே துறக்கின்றனர். டி825 கணினியின் பிறப்பிலிருந்த நம்பக நோக்கம் கல்பாக்கத்தில் முழுமையாக மேலோங்கி நிற்கிறது எனலாம்.

8. லினக்ஸ்: யாருக்கு நேர்மை?

1990-களில் தொடங்கி, பொதுப் பயன்பாட்டுப் பல்செயலிகளின் களமாக லினக்ஸ் உருவெடுத்தது. 1996-இல் வெளிவந்த 2.0 பதிப்பு பல்செயலிகளை ஏற்றது. ஆனால் உட்கரு முழுவதற்கும் ஒரே பெரும்பூட்டு இருந்ததால் ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டுமே உட்கருவுக்குள் இயங்க முடிந்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் இங்கோ மோல்நார் எழுதிய முறை ஒதுக்கி ஒவ்வொரு செயலிக்கும் தனிவரிசை அமைத்தது. தனிவரிசையால் செயலிகளுக்கு இடையிலான மோதல் குறைந்தது. அதே வேளையில் ஒரு வரிசை நிரம்பி வழிய மற்றொன்று வெறுமையாகக் கிடக்கும் வாய்ப்பும் உண்டாயிற்று. வரிசைகளை அவ்வப்போது சமன்செய்வது தனிப்பணியாக மாறியது.

தரமணியில் இக்காலத்தில் நிகழ்ந்த முயற்சி குறிப்பிடத்தக்கது. 2004-இல் கணித அறிவியல் நிறுவனம் அணுத்துகள் இயற்பியல் கணக்கீடுகளுக்காகக் 'கப்ரு' என்னும் லினக்ஸ் கணினித் தொகுப்பை அமைத்தது. 144 கணுக்கள், ஒவ்வொன்றிலும் இரு செயலிகள். அவ்வாண்டு உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. சந்தையில் கிடைக்கும் உறுப்புகளையும் கட்டற்ற இயக்க அமைப்பையும் கொண்டு ஓர் ஆய்வு நிறுவனமே இதனைச் செய்ய இயன்றமை, முன்பு பேரப்பொருளாக இருந்த பல்செயலி கைக்கெட்டியதைக் காட்டுகிறது.

2007 அக்டோபரில் 2.6.23 பதிப்போடு 'முற்றிலும் நேர்மையானது' என்று பொருள்படும் பெயருடன் புதிய முறை ஒதுக்கி வந்தது. எல்லாப் பணிகளுக்கும் சமநேரம் என்பது அதன் அடிப்படை. ஆனால் ஒரு பயனர் பத்துப் பணிகளையும் மற்றொருவர் தொண்ணூறு பணிகளையும் இயக்கினால், பணிகளுக்கிடையே நேர்மை நிலவும், பயனர்களுக்கிடையே நிலவாது. 2008 சனவரியில் வெளியான 2.6.24 பதிப்பில் இடம்பெற்ற குழுவழி ஒதுக்கீடு இக்குறையைக் களைந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பிரிவில் பணியாற்றிய ஸ்ரீவத்ஸ வத்தகிரியின் பெயர் அப்பங்களிப்புக்காக உட்கருவின் மூலநிரலிலேயே பதிவாகியுள்ளது. முதலில் குழுக்களுக்கிடையே பங்கீடு. பின்னர் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பங்கீடு. இந்தியாவிலிருந்து எழுதப்பட்ட இவ்விதி, உலகெங்கும் லினக்ஸ் இயங்கும் வழங்கிகளில் பயனுக்கு வந்தது.

ஆனால் ஒரு நேர்மை மற்றொரு வீணுக்கு வழிவகுக்கலாம் என்பதும் வெளிப்பட்டது. 2016-இல் ஐரோப்பிய, கனடியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 64 உட்கருக்கள் கொண்ட கணினியில் லினக்ஸைச் சோதித்தனர். பணிகள் காத்திருக்கும்போதே சில உட்கருக்கள் நெடுநேரம் வெறுமையாக இருந்ததை அவர்கள் கண்டனர். காரணங்களில் ஒன்று குழுக்கணக்கு. பல பணிகள் கொண்ட குழுவில் ஒவ்வொரு பணியின் சுமையும் பிரிக்கப்பட்டுச் சிறிதாகத் தோன்றும். தனித்திருக்கும் பணியின் சுமை பெரிதாகத் தோன்றும். ஒரு பகுதியில் ஒரே ஒரு பெருஞ்சுமைப் பணி இருந்தாலும் சராசரிக் கணக்கு 'இப்பகுதி நிறைந்துள்ளது' என்று காட்டியது. எனவே சமன்செய்யும் நிரல் அங்கு வேலை அனுப்பவில்லை. ஒரு பகுதியின் சராசரி அதன் உள்ளேயிருந்த வெறுமையை மறைத்தது.

2014-இல் 3.14 பதிப்பு கெடுமுறை ஒதுக்கீட்டை லினக்ஸுக்குள் கொண்டுவந்தது. 2023 அக்டோபரில் 6.6 பதிப்பு, பொதுப்பணிகளுக்கும் ஒரு கற்பனைக் கெடுவை வைத்து, தன் பங்கைப் பெறாதவற்றுள் கெடு முந்தியதைத் தேர்ந்தெடுக்கும் விதிக்கு மாறியது. நேர்மைப் பங்கீடு, கெடு என்று இரு கிளைகளாக வளர்ந்த ஆய்வுகள் ஒரே முறை ஒதுக்கிக்குள் சந்தித்தன.

9. விதியை எழுதுவோர்

இவ்வரலாறு ஆய்வாளர்க்கு அயலானதன்று. இன்று கணக்கீட்டைச் சார்ந்த ஆய்வு செய்வோர் பலரும் பொதுக் கணினித் தொகுப்புகளை நம்பியுள்ளனர். தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின்கீழ் 2022-இல் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்ட 'பரம் பொருள்' அத்தகையது. இவ்வகைத் தொகுப்புகளில் இரண்டு அடுக்குகளில் ஒதுக்கீடு நிகழ்கிறது. ஒவ்வொரு கணுவுக்குள்ளும் இயக்க அமைப்பு முடிவு செய்கிறது. எவருடைய வேலை எந்தக் கணுக்களுக்குச் செல்வது என்பதை வரிசை மென்பொருள் முடிவு செய்கிறது. இரண்டாம் அடுக்கின் விதிகளை நிறுவனம் எழுதுகிறது: எந்தக் குழுவுக்கு எவ்வளவு பங்கு, நீண்ட வேலைக்கு எவ்வளவு வரம்பு, பங்கைச் செலவழித்தவர் எவ்வளவு பின்தள்ளப்படுவார் என்பன யாவும் மனிதர் எடுக்கும் முடிவுகள். பெரிய குழுவின் நூறு வேலைகளுக்குப் பின்னால் நிற்கும் தனி ஆய்வாளரின் ஒரு வேலை, 2007-ஆம் ஆண்டின் லினக்ஸ் சிக்கலையே மீண்டும் எழுப்புகிறது. அவ்வேலைக்குப் பட்ட ஒப்படைப்பு நாள் என்னும் கெடுவும் இருக்கக்கூடும். மென்பொருள் அந்நாளை அறியாது.

இங்குத் தமிழின் இடமும் கருதத்தக்கது. ஒதுக்கீட்டு விதிகள் நுட்பச் செய்தியாக மட்டும், பிறமொழிச் சொற்களில் மட்டும் வழங்கும்வரை அவற்றைக் கேள்விக்கு உட்படுத்தும் வாய்ப்பு சிலருக்கே உரியதாகும். காத்திருப்பு, பங்கு, கெடு, பூட்டு, வரிசை என்பன அன்றாடச் சொற்கள். அவற்றைக் கொண்டே இத்துறையின் அடிப்படைகளை விளக்க இயலும் என்பதை மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் காட்டும்.

10. முடிவுரை

பல்செயலிப் பணிமுறை ஒதுக்கீட்டின் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, செயலிகளின் பெருக்கம் காத்திருப்பை ஒழிப்பதில்லை. கிரகாம் முதல் 2016-ஆம் ஆண்டின் ஆய்வு வரை இது மீண்டும் மீண்டும் நிறுவப்பட்டுள்ளது. இரண்டாவது, நேர்மை என்பது ஒருபொருட்சொல் அன்று. பணிக்குப் பணி சமம், பயனருக்குப் பயனர் சமம், கெடு தவறாமை ஆகியவை ஒன்றோடொன்று முரண்படக்கூடிய நேர்மைகள்; ஒவ்வொரு முறை ஒதுக்கியும் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விட்டுக்கொடுக்கிறது. மூன்றாவது, சென்னை – செங்கற்பட்டுப் பகுதியோடு தொடர்புடைய பங்களிப்புகள், ஆய்வுக்கூடத்தில் எழுந்தவையாயினும் கல்பாக்கத்தின் உலையருகே செயற்பட்டவையாயினும், உறுதி என்னும் நேர்மையின் பக்கமே மிகுதியும் சாய்ந்துள்ளன.

முறைப்பாசனத்தில் கடைமடைக்கு நீர் சென்று சேர்கிறதா என்பதே பங்கீட்டின் தரத்தைக் காட்டும் அளவுகோல். ஏரி நிறைந்திருப்பது மட்டும் அதற்குச் சான்றாகாது. பல்செயலிக் கணினிக்கும் அவ்வளவுகோலைப் பொருத்தலாம். மொத்த வேகத்தையும் சராசரிச் சுமையையும் பதிவுசெய்யும் கணக்குகளோடு, மிக நீண்டநேரம் காத்திருந்த பணி எது, அது யாருடையது என்பதையும் பதிவுசெய்யும் ஆய்வுகள் இனித் தேவைப்படுகின்றன. தமிழகப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கணினித் தொகுப்புகளில் அத்தகைய ஆய்வைத் தொடங்குவது, இயக்க அமைப்பு வரலாற்றுக்கும் உயர்கல்வி வளப் பங்கீட்டு ஆய்வுக்கும் ஒருங்கே பயன் தரும்.